பழைய தீயணைப்பு நிலையத்தின் மேற்குச் சுவர்

அன்புள்ள சரண்,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். உன் தங்கச்சி யாழினியைத் தூங்க வைத்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, காஸை மூடினேனா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு (நீ சிரிப்பாய், சிரி) உட்கார்ந்தபோது தெருவில் நாய்கூட அடங்கிவிட்டது. காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். போனில் தட்டினால் எனக்கு ஒரு யோசனை முடிவதற்குள் அடுத்தது ஓடிவிடுகிறது. ஷிப்ட் முடிந்து வந்து நீ அங்கே ரூமில் படுக்கப் போகிற நேரமாகப் பார்த்து இது வந்து விழுந்தால் அதையும் சேர்த்துப் பொறுத்துக்கொள். நிதானமாகப் படி. உன் நண்பர்களுக்கும் படித்துக் காட்டு. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

முந்தாநாள் நீ போனில் கேட்டது இதுதான்: “அம்மா, நீதான ஹிஸ்டரி படிச்ச? பழைய ஃபயர் ஸ்டேஷன் பில்டிங் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடு. வாசல்ல போர்டு வெக்கிறோம். கொஞ்சம் கெத்தா எழுது. வெள்ளக்காரன் கட்டுனதுன்னு போடலாமா?”

“வெள்ளக்காரன் எங்கடா கட்டுனான்? மல்லாட்ட வியாபாரி கட்டுனது.”

“மல்லாட்டயா? அது கெத்தா இல்லியேம்மா.”

நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை திறப்பு என்றாய். கல்வராயன் மலையிலிருந்து வந்து கள்ளக்குறிச்சி விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கும், இங்கே கூலிக்குப் போகிற வீடுகளின் பிள்ளைகளுக்கும் வாரம் ஒருநாள் இலவச வகுப்பு. கட்டடத்தை உரிமையாளர் சும்மாவே தருகிறார். அத்தனை வருஷம் அங்கே வண்டி ஓட்டிய அப்பாதான் ரிப்பன் வெட்ட வேண்டும். உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு “நல்லா செய்டா” என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். இப்போது அந்த ஒரு பக்கத்தை எழுதுகிறேன், ஆனால் அது போர்டில் எழுத ஆகாது. அந்தக் கட்டடத்தின் மேற்குச் சுவருக்குக் கீழே பிடிமானம் இல்லை, சரண். அதற்குள் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்பது பின்னால் வருகிறது.

மல்லாட்டை வியாபாரி அதை வேர்க்கடலை மூட்டை அடுக்குகிற கிடங்காகத்தான் கட்டினார். தியாகதுருகம் பக்கத்திலிருந்து மாட்டுவண்டிகள் மூட்டையோடு நேராக உள்ளே வந்து நிற்க வேண்டும் என்பதற்காக அத்தனை பெரிய வளைவு வாசல். வளைவின் உச்சியில் சுண்ணாம்பில் அவருடைய பெயர், பெயருக்கு இரண்டு பக்கமும் இரண்டு கிளிகள். சுவர் நல்ல கனம், செங்கல்லும் சுண்ணாம்பும். கீழே அஸ்திவாரம் மட்டும் கருங்கல்லும் மண் சாந்தும். அந்தக் காலத்தில் அப்படித்தான் கட்டினார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். மல்லாட்டை மூட்டைக்கு அது போதும். மூட்டை அதிராது, நகராது, தண்ணீர் கொட்டாது. பிறகு மண்டியெல்லாம் வேறு இடத்துக்குப் போய், கிடங்கு காலியாகி, தீயணைப்பு நிலையத்துக்கு வாடகைக்கு வந்தது. இவ்வளவும் நான் ஆராய்ந்து கண்டுபிடித்ததில்லை. காய்கறிக்கார அம்மா முதல் ஆட்டோ ஸ்டாண்டு வரை எல்லாருக்கும் தெரிந்த கதை. இதற்கு மேல் வருவதை நான் கண்ணால் பார்த்தேன்.

உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு அந்தக் கட்டடத்தின் பின்னால் இருந்த இரண்டு அறை வீட்டுக்கு வந்தபோது எனக்கு டிகிரி முடியவில்லை. கடைசி வருஷப் பரீட்சைக்கு அங்கே உட்கார்ந்துதான் படித்தேன். அப்போது உள்ளே நின்ற வண்டி சின்னது, வயதானது. வளைவுக்குள் தாராளமாகப் போய் வந்துகொண்டிருந்தது. அந்தக் கோடை தொடங்குகிற சமயம் அதை எடுத்துக்கொண்டு புது வண்டி கொடுத்தார்கள். பெரிய தண்ணீர்த் தொட்டி, தலையில் ஏணி. தெருவே கூடி நின்று பார்த்தது. கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, உன் அப்பா பெருமையாகப் பின்பக்கமாக உள்ளே எடுத்தார். ஏணி போய்க் கிளியில் இடித்தது. இடது பக்கக் கிளியின் மூக்கு உடைந்து கீழே விழுந்தது.

மறுநாள் காலை மல்லாட்டை வியாபாரியின் மகன் வந்து நிலையத்துக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வெளுத்த வேட்டி, வாயில் வெற்றிலை. நான் பின்கதவு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“எங்கப்பா பேருக்குக் காவலுக்கு வெச்ச கிளி சார் அது.”

“கிளிய பாத்துக்கினு இருந்தா ஊர்ல வூடு எரிஞ்சி பூடும்ங்க,” என்றார் ஆபீசர். “வளைவ மட்டும் கொஞ்சம் எடுத்து வுட்டுட்டு இரும்புச் சட்டம் போட்டுக்கறோம். வண்டி வெயில்ல நிக்கிது.”

“அந்தப் பேச்சே கூடாது. மேல கை வெக்கக் கூடாது, ஆமா. கீழ நீங்க இன்னா வேணா செஞ்சிக்கோங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

அவர் அதை ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். இவர்கள் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டார்கள். மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கலாம், பொறியாளரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் எழுதிப் பதில் வருவதற்குள் கோடை முடிந்துவிடும். இவர்கள் கூப்பிட்ட அடுத்த நிமிஷம் கிளம்பிப் பழகியவர்கள். கிணற்றில் மாடு விழுந்தால் கயிறு எங்கே என்று கேட்பார்களே தவிர, கிணறு யாருடையது என்று கேட்க மாட்டார்கள். அதே கையோடு கடப்பாரை எடுத்தார்கள். வாசலை உயர்த்த முடியாது, சரி, தரையைத் தாழ்த்தலாம். வாசலுக்கு வெளியிலிருந்தே சரிவாக இறக்கி, வண்டி நிற்கிற இடம் முழுக்க முழங்கால் ஆழத்துக்கு மேல் வெட்டினார்கள். கிழக்குப் பக்கம் கட்டிலும் ஆபீசர் மேசையும் இருந்ததால் வண்டி எப்போதும் மேற்குச் சுவரை ஒட்டித்தான் நிற்கும். அதனால் பள்ளமும் அந்தச் சுவரை ஒட்டியே வந்தது. நடுவில் அழைப்பு வந்தால் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள், திரும்பி வந்து மறுபடியும் வெட்டுவார்கள். முடிந்த அன்றைக்கு வண்டி கிளியைத் தொடாமல் உள்ளே போனது. கைதட்டினார்கள். எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தவள் நான். எனக்கும் அது சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது.

“எரும குட்டையில எறங்கிப் படுத்துக்கினு இருக்குது பாரு,” என்று ஒரு ஆட்டோக்காரர் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. அப்புறம் மணி அடிக்கும்போதெல்லாம் ஸ்டாண்டிலிருந்து குரல் வரும்: “இன்னா அண்ணே, எரும எழுந்துக்கிச்சா?” உன் அப்பாவும் விடமாட்டார்: “எழுந்துக்கிச்சி, வாலப் புடிச்சிக்கினு நீயும் வா!”

பள்ளத்துக்குள் அஸ்திவாரக் கல் வெளியே தெரிந்தது. அதுதான் விஷயம். மண்ணுக்குள் இருக்க வேண்டிய கல், பக்கத்தில் அணைக்க மண்ணில்லாமல் நின்றது. வண்டியின் தொட்டி சொட்டும். குழாய்களை அலசுகிற தண்ணீர் சரிவில் இறங்கி அங்கேதான் தேங்கும். கல்லுக்கு நடுவிலிருந்த மண் சாந்து கரைந்து கரைந்து சேறாக வந்தது. அப்பா ஓட்டுச் சில்லையும் உடைந்த செங்கல்லையும் இடுக்குகளில் அடித்து வைப்பார், அடுத்த மாதம் அது கீழே கிடக்கும். நீ நடக்கத் தொடங்கியதும் உனக்குப் பிடித்த இடம் அதுதான். அந்தச் சுவரின் அடியிலிருந்து விரலால் கல் உருவி எடுத்து, “ம்மா, கல்லு” என்று என் கையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாய். ஒரு குழந்தை கையால் உருவக்கூடிய கல்லின் மேல்தான் அத்தனை கனமான சுவர் நின்றுகொண்டிருந்தது. இது இன்று தோன்றுகிற யோசனை. அன்று உன் கையைக் கழுவிவிட்டு உள்ளே தூக்கிப்போனேன், அவ்வளவுதான்.

அந்தப் பள்ளம் ஒருநாள் விலை கேட்டதையும் சொல்ல வேண்டும். நீ பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த வயசு. மலையடிவாரத்தில் ஒரு ஊரில் கரும்பு வெட்டி முடித்த வயலில் காய்ந்த இலைச் சோகையைக் கொளுத்தியிருக்கிறார்கள். காற்று திரும்பி, பக்கத்துக் கூரை வீடுகளில் தீ பிடித்துவிட்டது. தகவல் வந்தபோது உன் அப்பா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டிருந்தார். முந்தின நாள் இங்கே டவுனில் மட்டும் கோடை மழை. சரிவு முழுக்கச் சேறு. வண்டி நிறையத் தண்ணீர். சக்கரம் சுற்றுகிறது, வண்டி மேலே ஏறவில்லை. சாக்கைப் போட்டார்கள், பலகை போட்டார்கள். ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் எல்லாரும் வந்து பின்னால் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். அன்றைக்கு யாரும் எருமை என்று சொல்லவில்லை. நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி பின்னால் வழுக்கிப்போய் மேற்குச் சுவரில் இடித்து நின்றது. மறுபடியும் முட்டுக்கொடுத்து ஏற்றினார்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று அப்பா இன்றுவரை சொன்னதில்லை.

போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் எல்லாரும் பிழைத்திருந்தார்கள். ஆடு மாடுகூட அவிழ்த்துவிட்டிருந்தார்கள். வீடுகள் இல்லை. குடிசையை இழந்த ஒரு பெண் அப்பாவைப் பார்த்துக் கத்தவில்லை, அழவில்லை. “வண்டி வந்திச்சி, தண்ணியும் வந்திச்சி. வூடுதான் இல்ல சார்,” என்றாளாம். அதை வந்து என்னிடம் சொன்னவர், பிசைந்து வைத்த சோற்றைத் தொடாமல் தட்டை நகர்த்திவிட்டார். அதற்குப் பிறகுதான் எல்லாருமாகச் சேர்ந்து வேறு கட்டடம் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். புது நிலையம் கட்டி இவர்கள் போவதற்குள் நீ பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டாய்.

காலி செய்துகொடுக்கும்போது வியாபாரியின் மகன் தரையைச் சமமாக்கித் தரச் சொன்னார். பள்ளத்தில் கிடைத்த மண், உடைந்த ஓடு, குப்பை எல்லாவற்றையும் கொட்டி, மேலே சிமெண்ட் பூசினார்கள். பூசிய அன்றைக்கு அழகாகத்தான் இருந்தது. நீ பார்க்கிற தரை அதுதான். அதன் கீழே யாரும் கல்லைச் சரிசெய்யவில்லை. சுவர் இடி வாங்கிய இடத்தில் மேலே பூச்சு மட்டும் போட்டார்கள். பிறகு வந்த உரக்கடைக்காரர் மூட்டையெல்லாம் அடியில் ஈரம் ஏறுகிறது என்று காலி செய்தார். மரச்சாமான் கடைக்காரர் பீரோவை நேராக நிறுத்த முடியவில்லை என்று போனார். நீங்கள் கேட்டதும் சும்மா கொடுத்தாரே இப்போதைய உரிமையாளர், அந்த வியாபாரியின் பேரன், அவர் கெட்டவர் இல்லை. தாத்தா பெயர் இருக்கிற இடத்தில் நாலு பிள்ளைகள் படித்தால் நல்லதென்று உண்மையாகவே நினைக்கிறார். அவர் வெளியூரில் வளர்ந்தவர், பள்ளத்தைப் பார்த்ததில்லை. நீ பார்த்திருக்கிறாய், ஆனால் அது ஆபத்து என்று புரிகிற வயசில்லை.

நேற்று யாழினியை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். உன் நண்பர்கள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். “வாங்கம்மா, எப்டி ஜொலிக்குது பாருங்க,” என்றான் ஒருவன். ஜொலிக்கத்தான் செய்தது. நான் கதவைப் பார்த்தேன். அடி தரையில் உரசாமல் இருக்கக் கீழ்ப்பக்கத்தைச் சீவியிருக்கிறார்கள். பழைய சீவல் கறுத்திருக்கிறது, அதன் மேல் புதுச் சீவல் ஒன்று. அப்படியும் தோளால் தள்ளினால்தான் திறக்கிறது. கதவு வளரவில்லை சரண், நிலைதான் இறங்குகிறது. மேற்குச் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து மேலே சாய்வாக, போன வாரம் அடித்த பெயின்டிலேயே முடி போல ஒரு கோடு. அந்தப் பையனிடம் காட்டினேன். “அது பெயின்ட் காஞ்ச கோடும்மா, இன்னொரு கோட்டிங் குடுத்தா போய்டும்,” என்றான். யாழினி அதற்குள் அந்த ஜன்னலுக்குக் கீழே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். “அண்ணன் கிளாஸ்ல இதான் என் எடம். வேற யாரும் உக்காரக் கூடாது.” நான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஏன் என்று கேட்டு வழியெல்லாம் அழுதாள்.

நேற்று சாயங்காலம் இப்போது வேலை பார்க்கிற ஊரிலிருந்து லீவில் அப்பா வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கென்று புது வெள்ளைச் சட்டை வாங்கித் தேய்த்து வைத்திருக்கிறார். அவரிடம் கேட்டேன்.

“அந்தப் பள்ளம் ஞாபகம் இருக்குதாங்க?”

“அதான் மண்ணு போட்டு மூடிட்டமே.”

“மண்ணு போட்டா செவுத்துக்குக் கால் மொளைக்குமா?”

“ஒனக்கு எப்பவும் பயம் ஜாஸ்தி. இத்தினி வருசமா நிக்கிதில்ல?”

“இத்தினி வருசமா உள்ள புள்ளைங்க யாரும் உக்காரல.”

அவர் அந்தச் சட்டையை எடுத்து ஆணியில் மாட்டினார். பிறகு, “புள்ள ஆசப்பட்டுச் செய்றான், வுடேன்,” என்றார். அவருக்குத் தெரியாமல் இல்லை. ஊருக்கெல்லாம் ஓடி ஓடிப் போனவர், அந்த வாசலில் மகன் கூப்பிட்டு மாலை போடப்போகிற ஒரு நாள் வருகிறது. அதை அவர் கையால் தள்ளிவிட முடியவில்லை. எனக்கும் அதைத் தள்ளுவது சுலபமாக இல்லை.

நான் பயப்படுகிறவள்தான். உனக்கும் எனக்கும் இருபது வயசுதான் வித்தியாசம், அதனால் நீ என்னைக் கிண்டல் செய்துகொண்டே வளர்ந்தாய். மழை பெய்தால் போன் செய்வேன், செய்யாவிட்டாலும் செய்வேன். அதனால் இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். பயப்படுகிறவள் சொல்வதில் எது வெறும் பயம், எது கண்ணால் கண்டது என்று பிரித்துப் பார்க்க உனக்கு இப்போது வயசு வந்துவிட்டது. மேலே எழுதியதில் கல், தண்ணீர், கதவு, கோடு எல்லாம் நீயே போய்த் தொட்டுப் பார்க்கக்கூடியவை. நல்ல காரியத்துக்கு என்பதற்காகச் சுவர் கூடுதலாக ஒருநாள் பொறுத்துக்கொள்ளாது. அதற்கு நாம் யார் என்று தெரியாது. நீ ஒரு வேலையைத் தொடங்கும்போது யார் கை தட்டுகிறார்கள் என்று மட்டும் பார்க்காதே, அடியில் என்ன இருக்கிறது என்றும் கேள். அன்றைக்கு அந்த நிலையத்தில் இருந்த யாரும் முட்டாள் இல்லை, சோம்பேறியும் இல்லை. எல்லாரும் கை தட்டினோம், கேட்க ஒருவரும் இல்லை.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. திறப்புக்கு முன்னால் நல்ல பொறியாளர் ஒருவரை அழைத்து வந்து, உள்ளே மேற்குச் சுவரை ஒட்டி சிமெண்டை உடைத்து ஒரு குழி வெட்டிப் பார்க்கச் சொல். உரிமையாளரிடம் நீயே பேசு. நீங்கள் கேட்டால் மறுக்க மாட்டார். அஸ்திவாரம் தாங்கும் என்று பொறியாளர் எழுதிக்கொடுத்தால் நான் வந்து முதல் வரிசையில், அந்த ஜன்னலுக்குக் கீழேயே உட்காருகிறேன், எல்லாருமாகச் சேர்ந்து என்னைக் கேலி செய்யுங்கள். தாங்காது என்றால் முட்டுக்கொடுப்பதா இடிப்பதா என்பதைப் பொறியாளரும் உரிமையாளரும் முடிவு செய்யட்டும். வகுப்பை அதற்காக நிறுத்த வேண்டாம். யாழினியின் பள்ளித் தலைமையாசிரியையிடம் இன்று கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வகுப்பறையும் தண்ணீர்க் குழாயும் தருகிறேன், பெருக்கிக் கொடுத்துவிட்டுப் போனால் போதும் என்கிறார். அப்பா ரிப்பனை அங்கே வெட்டட்டும். நீ கேட்டால் வருவார், என்னைவிட உன் பேச்சைக் கேட்பார்.

விடுதிப் பிள்ளைகளுக்குச் சொல்லியாகிவிட்டது, சனிக்கிழமை அவர்கள் துணி துவைத்துக் காயப்போட்டுத் தயாராகிவிடுவார்கள் என்று தெரியும். இடம் மாறுகிறது என்று விடுதிக் காப்பாளரிடம் நானே போய்ச் சொல்லலாம். சொல்லவில்லை. இது உன் காரியம், உன் வாயால்தான் மாற வேண்டும். உன்னைத் தாண்டி நான் யாரிடமும் போக மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை வரை நீ ஒன்றும் சொல்லாவிட்டால், பிள்ளைகள் வருவதற்கு முன்னால் நான் போய் அந்தக் கதவை அடைத்துக்கொண்டு நிற்பேன். உன் நண்பர்கள் முன்னாலும், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிற உன் அப்பா முன்னாலும். அப்படி நிற்க எனக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. தூங்கி எழுந்ததும் சீக்கிரம் பதில் போடு.

அம்மா